காலாப்பட்டுக் கொழுப்பிலக்கணம்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும், பாயிரம் என்றால் எட்டுச் செய்தி சொல்ல வேண்டும் என்பது நம் இலக்கணிகள் வைத்த விதி. ஆய்வேட்டின் முதல் பக்கங்களில் பல்கலைக்கழகங்கள் கேட்பதும் ஏறக்குறைய இந்த எட்டைத்தான். படிவம் மட்டும் வேறு.

ஆக்கியோன் பெயர் சொல்லும்படியாக இல்லை. கொழுப்பு கொஞ்சம் அதிகம் என்று வீட்டில் சொல்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக் காகிதமும் அதற்குச் சாட்சி. நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு உரைநடை, ஏனென்றால் வெண்பாவில் 'டைபால்மிட்டாயில்பாஸ்பாட்டிடைல்கோலின்' தளை தட்டும். எல்லை: வடக்கே கனகசெட்டிக்குளம், தெற்கே பிள்ளைச்சாவடி, கிழக்கே வங்கக் கடல், மேற்கே தமிழ்நாடு. புதுச்சேரியைச் சேர்ந்த இந்தச் சின்னத் துண்டுக்குள் 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த நடுவண் பல்கலைக்கழகம், பொறியியல் கற்பிக்க ஒன்று, மருத்துவம் கற்பிக்க ஒன்று, மீனவர் குப்பங்கள், சட்டக் கல்லூரி, மத்திய சிறை எல்லாம் அடக்கம். கடைசி இரண்டும் ஒரே ஊரில் அமைந்ததை முன்யோசனை என்று கொள்க.

நுதலிய பொருள், இரண்டு மூன்று வகை லிப்பிட்டுகளை, அதாவது கொழுப்பு மூலக்கூறுகளை, கலந்து தண்ணீரில் விட்டால் அவை யாரும் சொல்லாமலே சவ்வாவதும், அந்தச் சவ்வுக்குள் யாரும் சொல்லாமலே கூடியும் பிரிந்தும் இடம் பிடிப்பதும். கேட்போர், உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளைகளும் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும். பயன், இனிமேல் 'கெட்ட கொழுப்பு' என்று சொல்ல வாயெடுக்கும்போது நாக்கு ஒரு கணம் தயங்குவது.

எட்டில் மிச்சம் வழி. நூல் எந்த மரபில் வருகிறது என்பது. இங்கே சற்று நின்று போக வேண்டும்.

தண்ணீர்மேல் எண்ணெய் விட்டு, அது பரவும் கோலத்தைப் பார்த்து வகை பிரித்த நூல் தமிழில் முன்பே உண்டு. தேரையர் பெயரால் வழங்கும் நெய்க்குறி அது. நோயாளியின் விடியற்காலைச் சிறுநீரை ஆடாமல் அசையாமல் வைத்து அதன்மேல் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட வேண்டும். பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாகப் பரவினால் பித்தம், முத்தாக நின்றுவிட்டால் கபம். மருத்துவம் எவ்வளவு பலிக்கும் என்பது என் துறையன்று. ஆனால் பரப்பு இழுவிசையைத் தாழ்த்தும் பொருள் நீரில் கலந்திருந்தால் எண்ணெய்ச் சொட்டின் நடத்தை மாறும் என்பதை இயற்பியலார் எவரும் மறுக்கமாட்டார். ஆகவே இந்த நூலுக்கு முதல்நூல் தேரையருடையது. சிறுநீரை நீக்கிவிட்டேன், வழிநூல் செய்பவனுக்கு அவ்வளவு உரிமை உண்டு.

மேற்கே இதே வேலையை பெஞ்சமின் பிராங்க்ளின் செய்தார். லண்டன் கிளாப்பம் வெளியில் உள்ள குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்ற, அது பரவிப் பரவி அரை ஏக்கர் தண்ணீரை அலையடங்கச் செய்தது என்று 1774-ல் ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். அரை ஏக்கர் என்றால் நம் கணக்கில் ஐம்பது சென்ட். கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) ஓரத்து மனை விலை தெரிந்தவர்களுக்கு அந்தக் கரண்டியின் பெருமை புரியும். கரண்டிக்கு ஐந்து மில்லி என்று வைத்து ஐம்பது சென்ட்டால் வகுத்தால் படலத்தின் தடிமன் 2.5 நானோமீட்டர் வருகிறது. ஒரு மூலக்கூறு எழுந்து நிற்கும் உயரம். பிராங்க்ளின் இந்த வகுத்தலைச் செய்யாமல் விட்டுவிட்டார். ராலே பிரபு வந்து வகுத்துப் பார்த்தபோது 1890 ஆகிவிட்டது. ஜெர்மனியில் கல்லூரி வாசல் மிதிக்க வாய்க்காத ஆக்னஸ் பாக்கெல்ஸ், அடுப்படியில் ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு நீர்ப்பரப்பை அளந்து அவருக்குக் கடிதம் எழுத, அவர் அதை 1891-ல் நேச்சர் இதழில் வரச் செய்தார். இந்தத் துறையின் முதல் நல்ல கருவி சமையலறையில் பிறந்தது என்பதை ஆய்வகத்துக்கு உபகரணம் கேட்டு விண்ணப்பிப்பவர்கள் மறந்தும் எழுதிவிடக்கூடாது.

1925-ல் லெய்டனில் கோர்ட்டரும் கிரெண்டலும் ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரில் பரப்பினார்கள். அணுக்களின் மொத்தப் பரப்பைப்போல் இரு மடங்கு வந்தது. செல்லின் சவ்வு இரண்டு அடுக்கு என்று முடிவு சொன்னார்கள். முடிவு சரி. ஆனால் அவர்கள் கொழுப்பை முழுதாகப் பிரித்தெடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். ஒரு பிழையை இன்னொரு பிழை சமன் செய்துவிட்டது. விடைத்தாள் திருத்துகிறவர்கள் இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவார்கள் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடுகிறேன்.

செல் சவ்வுக்கு ஆய்வகத்தில் ஒரு மாதிரிச் சவ்வு வந்தது 1960-களில். இங்கிலாந்தின் பாப்ரகாமில் அலெக் பாங்கம், உலர்ந்த லிப்பிட் மீது தண்ணீர் பட்டால் அது தானே உருண்டை உருண்டையாக மூடிக்கொள்வதை மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார். நண்பர்கள் அவற்றுக்கு பாங்கோசோம் என்று செல்லப்பெயர் வைத்தார்கள். நிலைத்த பெயர் லிப்போசோம்.

முதலாவது, உறுப்பியல்

லிப்பிட்டுக்கு உறுப்பு இரண்டு, தலையும் வாலும். தலை தண்ணீரை விரும்பும், வால் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். இவற்றின் பரும விகிதத்தை வைத்து வடிவம் மூன்று என்று இஸ்ரேலாச்விலியும் கூட்டாளிகளும் 1976-ல் வகுத்தார்கள். தலை பெருத்து வால் ஒன்றே உடையது கூம்பு. தலையும் வாலும் ஒத்த பருமன் உடையது உருளை. தலை சிறுத்து வால் அகன்றது தலைகீழ்க் கூம்பு. உருளைகள் அருகருகே நின்றால் தட்டையான படலம் கிடைக்கும், அதுவே சவ்வாகும். மற்ற இரண்டும் எங்கே போகும் என்பது அடுத்த இயலில்.

வால்கள்தான் இந்த நூலுக்கு முக்கியம். வாலில் கார்பன்கள் நேராக அடுக்கியிருந்தால் அது நிறைவுற்றது. நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருந்தால் வால் அந்த இடத்தில் மடங்கும், அது நிறைவுறாதது. இதை நேரில் பார்க்க ஆய்வகம் வேண்டாம். மார்கழி விடியலில் காலாப்பட்டு வீடுகளின் குளியலறை மாடத்தைப் பாருங்கள். தேங்காயெண்ணெய் புட்டிக்குள் வெள்ளையாக உறைந்து, குழந்தைக்குத் தலை சீவ அவசரப்படும் அம்மா அதை வெந்நீர்ச் செம்பில் நிறுத்தி வைத்திருப்பார். பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஒன்றும் ஆகாததுபோல் தளதளவென்றிருக்கும். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற வால். அவை நெருங்கி அடுக்கி 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். நல்லெண்ணெயில் மடங்கிய வால்களே பெரும்பான்மை. நெருங்கி அடுக்க வராது.

சவ்வு நூலோர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் இரண்டு லிப்பிட்டுகளும் இதே இனம். யாப்புக்கு அடங்காத அந்த முதல் பெயரை டிபிபிசி என்று சுருக்குவர். பதினாறு கார்பன் நீளத்தில் நேரான வால் இரண்டு. 41 டிகிரியில்தான் இளகும். மற்றது டிஓபிசி. பதினெட்டுக் கார்பன், ஒவ்வொரு வாலிலும் ஒரு மடிப்பு. பூஜ்யத்துக்குக் கீழே 17 டிகிரிவரை குளிர்ந்தாலும் உறையாது. தலை இரண்டுக்கும் ஒன்றேதான். தலை ஒத்தும் வால் ஒவ்வாமையால் வரும் சிக்கல்களே இந்நூல் முழுதும்.

மூன்றாவது உறுப்பினர் கொலஸ்ட்ரால். தலை என்று சொல்ல ஒரு சின்ன ஹைட்ராக்சில் மட்டும். உடம்பு ஒன்றோடொன்று ஒட்டிய நான்கு வளையம், வளையாதது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் இரண்டு மெத்தில் துருத்தல். பித்தக்கல்லில் கிடைத்த இதற்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரல். முட்டை மஞ்சள்கருவில் லெசித்தினைப் பிரித்தவர் பாரிஸ் மருந்தாளுநர் கோப்ளே. லிப்பிட்டுகள் கூடி நிற்கும் நிலைகளுக்கு இன்றும் நாம் எழுதும் கிரேக்க எழுத்துக் குறிகளை வழங்கியவர் பிரான்சில் பணியாற்றிய லுசாட்டி. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போனாலும் கொழுப்பை விட்டுப் போகவில்லை.

இரண்டாவது, திணையியல்

லிப்பிட்டுகள் கூடி நிற்கும் நிலையை இங்கே திணை என்போம். திணைக்கு முதல், கரு, உரி மூன்றும் சொல்ல வேண்டும். முதற்பொருள் இங்கே வெப்பநிலை. கருப்பொருள் எந்த லிப்பிட் எத்தனை பங்கு என்ற கணக்கு. உரிப்பொருள் அவை நடந்துகொள்ளும் விதம். கைக்கிளை, பெருந்திணை இரண்டையும் சேர்த்தால் திணை ஏழு. நம் நாட்டில் வகுப்பவர்கள் ஏழு என்று தொடங்கினால் எப்படியாவது ஏழை நிரப்பிவிடுவது வழக்கம். அவ்வழக்கம் இங்கும் போற்றப்படும்.

முல்லை: ஜெல் என்பர். உரிப்பொருள் இருத்தல். வால்கள் விறைத்து நேராக நின்று, பக்கத்தில் இருப்பவரோடு இடம் மாற்றிக்கொள்ளாமல் காத்திருக்கும். 41 டிகிரிக்குக் கீழே டிபிபிசி இப்படித்தான்.

குறிஞ்சி: ஒழுங்கற்ற நீர்மம். உரிப்பொருள் புணர்தல், அஃதாவது தடையின்றிக் கலத்தல். வால்கள் துவண்டு ஆடும். ஒவ்வொரு மூலக்கூறும் தன் அடுக்குக்குள் பக்கத்து மூலக்கூறோடு வினாடிக்குக் கோடிக்கணக்கில் இடம் மாற்றும். ஆனால் இந்த அடுக்கிலிருந்து அந்த அடுக்குக்குத் தாவ மட்டும் பல மணி நேரமோ நாள்களோ ஆகும். பக்கவாட்டில் அவ்வளவு சுறுசுறுப்பு, மேலே போக அவ்வளவு தாமதம். அரசு அலுவலகக் கோப்புகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

மருதம்: நெளிவுத் திணை. ஜெல்லுக்கும் நீர்மத்துக்கும் இடையில் சவ்வு தகரக் கூரைபோல் அலையலையாக நெளியும். உரிப்பொருள் ஊடல். ஏன் இப்படி நெளிகிறது என்பதில் நூலோர் இன்னும் தமக்குள் ஊடிக்கொண்டிருக்கிறார்கள்.

கைக்கிளை ஒருவால் உடைய கூம்புகளுக்கு. ஒருதலை ஆதலால் அவை சவ்வாக மாட்டா. திரண்டு மைசெல் என்னும் சிறு உருண்டைகளாகும். பெருந்திணை பொருந்தாக் கூட்டம். தலை சிறுத்த லிப்பிட்டுகள் தண்ணீரை உள்ளே அடைத்து, குழாய் குழாயாகச் சுருண்டு, அறுகோணமாக அடுக்கும். இதற்கு மேல் சொல்வது நாகரிகமன்று.

நெய்தலுக்குத் தேடித் தேடியும் லிப்பிட் அகப்படவில்லை. கடலும் இரங்கலும் அதற்கு உரியன ஆகையால், ஆய்வேடு முடியாமல் மாலை நேரத்தில் காலாப்பட்டுக் கடற்கரையில் நின்று அலையை எண்ணும் ஐந்தாம் ஆண்டு ஆய்வு மாணவருக்கு அத்திணை ஒதுக்கப்பட்டது.

இனிப் பாலை. இந்நூலின் உயிர் இதில்தான். பாலைக்குத் தனக்கென நிலம் இல்லை. பிற நிலங்கள் இயல்பு திரிந்து அது பிறக்கும். லிப்பிட் உலகிலும் அப்படி ஒரு திணை உண்டு. தனி டிபிபிசியிலும் தனி டிஓபிசியிலும் அதைத் தேடினால் கிடைக்காது. கொலஸ்ட்ராலைப் போதிய அளவு சேர்த்தால்தான் அது தோன்றும். ஒழுங்குற்ற நீர்மம் என்பது பெயர். 1987-ல் இப்சன், மௌரிட்சன் முதலிய ஐவர் கோட்பாட்டு வழியில் இதை நிறுவிப் பெயரும் சூட்டினர். வால்கள் ஜெல்லில் போல் நேராக நிற்கும். மூலக்கூறுகளோ நீர்மத்தில் போல் நகர்ந்துகொண்டிருக்கும். முல்லையும் குறிஞ்சியும் திரிந்தது என்று இதைச் சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

இதை நடத்தி வைப்பது கொலஸ்ட்ரால். அதன் வழவழத்த பக்கம் நேரான வாலோடு ஒட்டி நிற்கும். ஜெல்லில் விறைத்து நிற்பவர்களுக்கு நடுவே புகுந்து அடுக்கைக் குலைத்து இளக்கும். நீர்மத்தில் துவள்பவர்களை அருகே இழுத்து நிமிர்த்தும். கொலஸ்ட்ரால் சேர்ந்தால் படலம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த இடத்தில் அடங்குகிறது என்று லீத்ஸ் 1925-லேயே சொல்லிவிட்டார். விறைத்தவரை இளக்கி, துவண்டவரை நிமிர்த்தி, இருவரிடத்தும் ஒரே பேச்சைப் பேசும் இந்த வேலை அகத்திணை மரபில் தோழிக்கு உரியது. தோழி கெட்டவள் என்று சொல்லும் மருத்துவர்கள் பார்ப்பது ரத்தக் குழாயில் வழி தவறி நிற்கும் தோழியை. செல் சவ்வில் அவள் இல்லாவிட்டால் விலங்கின் செல்லே இல்லை. நம் செல்களின் வெளிச்சவ்வில் மூன்றில் ஒரு பங்கு லிப்பிட் மூலக்கூறுகள் அவளே, சில இடங்களில் அதற்கும் மேல்.

மூன்றாவது, கூடற்பிரிவியல்

இவ்வியல் என்ன நுதலிற்றோ எனின், திணை மயக்கம் நுதலிற்று. ஒரே சவ்வில் இரண்டு திணைகள் ஒருங்கே நிற்கலாமா? நிற்கும். எத்தனை நிற்கலாம் என்பதற்கு கிப்ஸ் 1870-களில் வரம்பு கட்டினார். வெப்பமும் அழுத்தமும் மாறாதிருக்க, மூன்று லிப்பிட் கலந்த சவ்வில் மூன்று திணைக்கு மேல் ஒருங்கே நிற்காது. நடைமுறையில் கண்ணுக்கு விருந்து இரண்டு நிற்பதுதான்: பாலையும் குறிஞ்சியும். பாலைக்கு உரிப்பொருள் பிரிதல் என்பதை நினைவில் வைக்க.

செய்முறை சொல்கிறேன். டிபிபிசி, டிஓபிசி, கொலஸ்ட்ரால் மூன்றையும் குளோரோபாரத்தில் கரைத்து, ஒளிரும் சாயம் ஒரு துளி சேர்த்து, மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடித் தகட்டில் சில சொட்டு விட்டு ஊசியின் பக்கவாட்டால் தடவ வேண்டும். வெற்றிடத்தில் உலர்த்திய பிறகு, ரப்பர் வளையம் இடையில் வைத்து இன்னொரு தகட்டால் மூடி, நடுவே சர்க்கரைத் தண்ணீர் நிரப்ப வேண்டும். எல்லா லிப்பிட்டும் இளகும்படி 50, 60 டிகிரியில் வைத்து, வினாடிக்குப் பத்து முறை திசை மாறும் ஒரு வோல்ட் அளவு மின்சாரத்தை ஓரிரு மணி நேரம் கொடுத்தால், தகட்டிலிருந்து சவ்வுகள் குமிழ் குமிழாக ஊதிக் கிளம்பும். ஆஞ்செலோவாவும் டிமிட்ரோவும் 1986-ல் சொன்ன முறை இது. ஒவ்வொரு குமிழும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அகலம். செல்லுக்கு அது ஒரு பொம்மை. உள்ளே சர்க்கரைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் கிடையாது.

நுண்ணோக்கியில் வைத்து ஆற விடுங்கள். நாற்பதில் குமிழ் முழுதும் ஒரே ஒளி. முப்பத்தைந்திலும் அப்படியே. வழக்கமான கலவை விகிதங்களில், ஏறத்தாழ முப்பதை நெருங்கும்போது குமிழின் முகத்தில் கரும்புள்ளிகள் பொரிவதுபோல் தோன்றும். சாயத்துக்குக் குறிஞ்சியே பிடிக்கும், பாலையில் அது நுழையாது. ஆகவே பாலை கறுப்பு. புள்ளிகள் மிதந்து திரிந்து, ஒன்றை ஒன்று முட்டி, ஒன்றாகி, முட்டிய சில கணத்தில் மறுபடி வட்டமாகும். கடைசியில் பாதி கறுப்பு, பாதி ஒளி. சூடாக்கினால் எல்லாம் அழிந்து மறுபடி ஒரே முகம். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாரா வீச்சும் சாரா கெல்லரும் 2002, 2003-ல் பல கலவை விகிதங்களுக்கு இந்தப் பிரிவு வெப்பநிலைகளை முக்கோண வரைபடங்களில் குறித்துக் கொடுத்தார்கள். துறையே இன்று அந்த முக்கோணங்களில்தான் வழி தேடுகிறது.

புள்ளி ஏன் வட்டம்? இரு திணை சந்திக்கும் விளிம்புக்கு ஒரு செலவு உண்டு. பாலைப் பகுதி சற்றே தடித்தது, குறிஞ்சி மெல்லியது. ஓரத்தில் படி விழுகிறது, அங்கே வாலின் ஒரு பகுதி ஒதுங்க இடமில்லாமல் தவிக்கிறது. விளிம்பைச் சுருக்கினால் செலவு குறையும். ஒரே பரப்பைக் குறைந்த விளிம்பால் சூழ்வது வட்டம். நீர்மத்துக்கு இது கைவரும், ஏனென்றால் அது நகரும். ஜெல் துண்டு நகராது. அதன் ஓரம் கிழிந்த காகிதம்போல் அப்படியே நிற்கும். ஆகவே ஓரத்தைப் பார்த்தே திணை சொல்லிவிடலாம் என்பது இந்நூலின் முதல் பெரிய விதி.

இந்த விதிக்கு எடுத்துக்காட்டு கேட்பார்க்கு, புதுச்சேரி மாவட்ட வரைபடத்தை எடுத்துப் பார்க்கச் சொல்க. பத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கும். நகரத்திலிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு, பொம்மையார்பாளையம்வரை தமிழ்நாடு, பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி. ஒரு துண்டும் வட்டமாக இல்லை. ஓரமெல்லாம் கொத்திக் குதறினாற்போல் இருக்கும். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தது. ஓரம் ஓர் அங்குலம் நகரவில்லை. எனவே புதுச்சேரி ஜெல் என்பது துணிபு. விளிம்பில் மட்டும் கடைகள் கூடுவதை நீர்மத் திணையின் சாயல் என்பாரும் உளர். சவ்விலும் ஒரு வால் நேராகவும் ஒரு வால் மடங்கியும் உள்ள இருதரப்பு லிப்பிட்டுகள் விளிம்பில் போய் நின்று அதன் செலவைக் குறைக்கும் என்று கோட்பாட்டாளர் சொல்வர். எல்லையோர மதுக்கடைகள் யாருடைய செலவையும் குறைத்ததாகத் தெரியவில்லை.

விளிம்பைச் சுருக்க இன்னொரு வழியும் உண்டு. தட்டையாக இருப்பதை விட்டுவிட்டு, துண்டு முழுதும் மொட்டாகப் புடைத்து எழுந்தால் விளிம்பு கழுத்தளவாகச் சுருங்கிவிடும். சவ்வை வளைக்கவும் செலவுண்டு. ஆகவே துண்டு ஓரளவு பெருத்த பிறகே மொட்டு லாபம். இதைக் கணினியில் நடத்திப் பார்த்தவர்களில் ஒருவர் இதே ஈ.சி.ஆரின் மறுகோடியில் இருந்தார். சென்னை ஐ.ஐ.டி.யின் பி.பி. சுனில் குமார், ஜெர்மனியின் கோம்பர், லிப்போவ்ஸ்கியோடு சேர்ந்து 2001-ல் எழுதிய கட்டுரை மொட்டு வளர்ச்சியை மூன்று பருவமாகப் பிரிக்கிறது: சவ்வுக்குள் சின்னச் சின்னத் துண்டுகள் உருவாவது, அவை பல மொட்டுகளாவது, மொட்டுகள் ஒன்றோடொன்று சேர்வது. 2004-ல் லராட்ஜியோடு சேர்ந்து நீர்மக் குமிழ்களில் துண்டுகள் வளரும் வேகத்தையும் ஆராய்ந்தார். வகைப்படுத்தும் நூலுக்குப் பக்கத்து ஊர்ச் சான்று கிடைப்பது அரிது. கிடைத்தபோது விடலாகாது.

இங்கே ஒரு தடையும் விடையும்.

"சார், ஒத்தவன் ஒத்தவனோட சேர்றான், ஒவ்வாதவன் விலகுறான். ஊருக்குள்ள நடக்கிறதுதானே சார் இது?" என்று ஒரு மாணவர் கேட்டார்.

தம்பி, அந்த உவமையை இந்த நூல் ஏற்காது. லிப்பிட் பிரிவதற்குக் காரணம் பிறப்பும் அன்று, வெறுப்பும் அன்று. கலந்திருந்தால் கிடைக்கும் தாறுமாறான சுதந்திரத்துக்கும், ஒத்த வாலோடு அடுக்கினால் மிச்சமாகும் ஆற்றலுக்கும் இடையே நடக்கும் பேரம் அது. சூடு ஏறினால் சுதந்திரம் வெல்லும், ஆறினால் ஆற்றல் வெல்லும். முப்பது டிகிரியைத் தாண்டியதும் குமிழில் விளிம்பு அழிந்துவிடுகிறது. காலாப்பட்டில் வைகாசி வெயில் நாற்பதைத் தொடும். ஊரும் சேரியும் அப்போதும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

இன்னொரு நுட்பம். குறிப்பிட்ட சில விகிதங்களில், பிரிவு வெப்பநிலையை நெருங்க நெருங்க விளிம்பின் செலவு பூஜ்யத்தை நோக்கித் தேயும். துண்டுகளின் ஓரம் துடிக்கும், விரல் விரலாக நீளும், அறுபடும், எது பாலை எது குறிஞ்சி என்று சொல்லவொட்டாது. மாறுநிலைப் புள்ளி என்பது இது. சியாட்டில் குழு 2008-ல் இந்தத் தேய்வை அளந்தபோது, காந்தங்களுக்கென வகுக்கப்பட்டு, ஆன்சாகர் 1944-ல் தட்டைப் பரப்புக்குத் தீர்த்துக் காட்டிய ஐசிங் மாதிரியின் எண்களே வந்தன. கொழுப்புக்கும் காந்தத்துக்கும் ஒரே கணக்கு. திணை வகுத்தவனுக்கு இதைவிட அவமானம் வேறில்லை. வகுத்த ஏழும் ஓர் எல்லைவரைதான் பேசும். மாறுநிலைப் புள்ளியில் நின்றால் வகை என்பதே கேள்வியாகிவிடும்.

ஒழிபியல்

மேலே சொன்னவற்றில் அடங்காதவை இங்கே.

உயிருள்ள செல்லில் இது நடக்கிறதா? சைமன்ஸும் இகோனெனும் 1997-ல் ஆம் என்றார்கள். கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிட் என்னும் லிப்பிட் வகையும் கூடிய சின்னச் சின்னத் தெப்பங்கள் சவ்வில் மிதக்கின்றன, சில புரதங்கள் அவற்றில் ஏறிப் பயணம் செய்கின்றன என்பது அவர்கள் கருத்து. பிறகு பத்தாண்டு சண்டை. செல்லைக் குளிரவைத்துச் சலவைப் பொருளில் கரைத்து, கரையாமல் நின்றதைத் தெப்பம் என்றார்கள் ஒரு சாரார். கரைத்ததால்தானே அது உண்டாயிற்று என்றார்கள் மறு சாரார். 2006-ல் அமெரிக்காவில் கூடிய அறிஞர் அவை ஒன்று இலக்கணம் வகுத்தது: தெப்பம் 10 முதல் 200 நானோமீட்டர் அளவுடையது, நிலையில்லாதது. சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரிகிற எல்லை எங்கே முடிகிறதோ அங்கே பொருளை வைத்து இலக்கணம் எழுதியது புலமைதான்.

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயரும் மதன் ராவும் வேறு பக்கம் போனார்கள். சவ்வில் கொழுப்பால் நங்கூரமிட்ட சில புரதங்கள், மிஞ்சிப்போனால் நான்கு மூலக்கூறு என்ற அளவில் கொத்துக் கொத்தாக நிற்பதை 2004-ல் காட்டினார்கள். அந்தக் கொத்துகளைக் கட்டுவது வெப்பச் சமநிலை அன்று, சவ்வின் அடியில் ஓயாமல் வேலை செய்யும் ஆக்டின் இழைகள் என்பது பின்னர் அவர்கள் கொண்ட முடிபு. குமிழில் இழையும் கிடையாது, ஓடும் எரிபொருளும் கிடையாது. ஆகவே மாதிரிச் சவ்வில் கண்ட விதியைச் செல்லுக்கு அப்படியே பொருத்துவது கூடாது. விதியை விட்டுவிடுவதும் கூடாது. செல்லிலிருந்து கொப்புளமாகக் கிளப்பிய சவ்வுகளை உடல் வெப்பத்துக்கு வெகு கீழே குளிர்வித்தால், குமிழில் கண்ட அதே கறுப்பும் ஒளியும் பிரிகின்றன. செல்லின் கலவை பிரிவின் ஓரத்திலேயே இருக்கிறது, பிரிந்துவிடாமல் இருக்கிறது. இந்நூலார் கருத்தில் தெப்பச் சண்டைக்கு மிக அருகில் வரும் தீர்ப்பு இதுவே.

அகம், புறம் பற்றியும் ஒரு சொல். செல் சவ்வின் உள்ளடுக்கும் வெளியடுக்கும் ஒரே கலவை உடையன அல்ல. பாஸ்பாட்டிடைல்செரின் என்ற லிப்பிட் அகத்துக்கு உரியது. அது புறத்தே தலை காட்டினால் செல் சாகத் தொடங்கிவிட்டது என்று அறிந்து பக்கத்து விழுங்கணுக்கள் வந்துவிடும். அகத்தில் சொல்ல வேண்டியதைப் புறத்தில் சொன்னால் குற்றம் என்று நம் இலக்கணிகள் வகுத்ததற்கு இவ்வளவு கடுமையான தண்டனை கிடையாது. சாதாரணக் குமிழ்களில் இரண்டு அடுக்கும் ஒன்றேபோல் இருப்பதால் அங்கே இந்த வேறுபாடு பார்க்க இயலாது.

இறுதியாக ஆய்வாளர்க்குரிய இழுக்குகள். நுண்ணோக்கியின் விளக்கை வெகுநேரம் எரியவிட்டால் சாயம் ஒளியை வாங்கி, நிறைவுறாத வால்களை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். அதனாலேயே பிரியாத கலவையும் பிரியும். பார்த்துக்கொண்டிருந்ததால் பிரிந்தது, பிரிந்ததைப் பார்த்தோம் என்று எழுதிவிடும் ஆபத்து இது. இரண்டாவது இழுக்கு, சாயத்தை அதிகம் போடுவது. மூன்றாவது நம் ஊருக்கே உரியது. டிபிபிசி, டிஓபிசி, கொலஸ்ட்ரால் கலவை முப்பது டிகிரியை ஒட்டியே பிரியும் என்றேன். சித்திரை, வைகாசியில் இங்கே மூடிய அறையின் வெப்பம் முப்பதைத் தாண்டியே நிற்கும். குளிரூட்டி நின்ற அறையில் எத்தனை மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் குமிழ் ஒரே முகமாக நிற்கும்; லிப்பிட் கெட்டுப்போயிற்று என்று புதிதாக வாங்க வரைவு எழுதுவதற்குள் குளிரூட்டி மறுபடி ஓடத் தொடங்கினால் கரும்புள்ளிகளும் வந்துவிடும்.

ஆகவே காலாப்பட்டில் இதைச் செய்து பார்க்க விரும்புவோர் ஏ.சி.யை 24-ல் வையுங்கள். பார்க்காதபோது விளக்கை மூடுங்கள். யு.பி.எஸ். இல்லாமல் கோடையில் தொடங்காதீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அறை வெப்பநிலையைத் தவறாமல் எழுதுங்கள். ஏ.சி. ரிமோட்டை வழிகாட்டிப் பேராசிரியர் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவருக்குக் குளிர் ஆகாது.